விளக்கும் ஹாரனும்

ஐதராபாத்தில் போவன்பள்ளி காய்கறிச் சந்தை இருக்கிறது. விடியும் முன்பே லாரிகள் வரும். அக்கா காய் வாங்கச் சைக்கிளில் கிளம்பினார். சைக்கிளில் மணி மட்டுமே இருந்தது.

“அக்கா, இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்” என்றான் தம்பி. விளக்கும் ஹாரனும் சேர்ந்த கருவியைக் கைப்பிடியில் மாட்டினான்.

“மணி போதாதா, தம்பி?”

“லாரிச் சத்தத்தில் மணி கேட்காது, அக்கா. வெளிச்சம் கண்ணில் படும்.”

நினைவில் கொள்வோம்:

1. விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒரே பேட்டரி. அது தீர்ந்தால் இரண்டும் நின்றுவிடும். இரவே சார்ஜ் செய்யுங்கள். பழைய மணியைக் கழற்றாதீர்கள்.

2. விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். பள்ளம் தெரியும். எதிரே வருபவருக்குக் கண் கூசாது.

3. முன்விளக்கு பின்னால் வருபவருக்குத் தெரியாது. பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்கள்.

4. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஹாரன் அடிக்கக் கூடாது. பொது அவசர நேரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இப்படிச் சொல்கின்றன. அந்த நேரத்தில் மெதுவாகப் போவதே வழி.

கணக்கு: மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடியில் சுமார் 4 மீட்டர் ஓடும். 3 நொடியில் எத்தனை மீட்டர்?

விடை எழுதுங்கள்:

பழைய மணியை ஏன் கழற்றக் கூடாது?

உங்கள் சைக்கிளின் பின்புறம் இரவில் தெரிகிறதா?