கோவை போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிடும் விளக்கு

"இந்த மாடல்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார்." புது வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றவர்கள் யாரும் இந்த வார்த்தையைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். இதற்குத் தம்பி ஒன்றும் உண்டு: "செக் பண்ணிட்டோம் சார், ஒண்ணும் இல்ல." இந்த இரண்டையும் சொல்லவிடாமல் செய்ய வண்டிக்காரன் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை என் பிக்கப் எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த பாடி, நாலு சக்கரத்துக்கும் இழுவை, டீசல் என்ஜின். கம்பெனி பெயர் வேண்டாம். சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்த பிஎஸ் 6 டீசல் வண்டிக்கும் பொருந்தும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவனுக்கு இப்படி ஒரு வண்டிமேல் ஏன் ஆசை வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. உர மூட்டையும் ஏறும், அதையே கழுவி எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் போகலாம்.

வாங்கிச் சில மாதங்களில் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. சைலன்சர் படத்துக்குள் புள்ளி புள்ளியாக இருக்கும். கோவையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினால், கிணத்துக்கடவு தாண்டும்போது விளக்கு அணைந்துவிடும். அங்கே போய் நிற்கும்போது வண்டி பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். அட்வைசர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார். "ஒண்ணும் இல்ல சார்." ஊர் திரும்பித் தோப்புக்கும் வீட்டுக்குமாக நாலு நாள் ஓட்டினால் மறுபடி எரியும்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் வண்டிகள் பிஎஸ் 4 இலிருந்து, பிஎஸ் 5 ஐத் தாண்டி, நேராக பிஎஸ் 6 க்கு வந்தன. டீசலில் இருக்கலாம் என்று விட்டிருந்த கந்தகத்தின் அளவும் 50 பிபிஎம்மிலிருந்து 10 க்கு இறங்கியது. கரும்புகையை வெளியே விடாமல் பிடித்து வைக்க, புகைக்குழாயில் டிபிஎஃப் என்கிற வடிகட்டி வந்து உட்கார்ந்தது. அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. நீண்ட தூரம் நல்ல வேகத்தில் போகும்போது கொஞ்சம் கரி தானாகவே கழியும். போதாதபோது என்ஜினின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைச் செலுத்தி அந்தச் சூட்டை உண்டாக்கும். இந்த வேலை முடிய, நிறுத்தாமல் கால் மணி, இருபது நிமிடம் வண்டி ஓட வேண்டும்.

என் தோப்பு வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். என்ஜின் ஒழுங்காகச் சூடாவதற்கு முன்பே கேட்டைத் திறந்து இறங்கிவிடுவேன். எரிப்பது பாதியில் நிற்கும், கரி சேரும், விளக்கு எரியும். கோவை ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் ஓடினால் எரித்து முடித்துவிடும், விளக்கும் அணையும். அதாவது, டாக்டரைப் பார்க்கப் போகிற வழியே மருந்தாகிவிடுகிறது. இப்படி வந்து போகிற எச்சரிக்கை, கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடாகப் பதியாமலே போகலாம். அட்வைசர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கிற நேரத்தில் அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கைகொடுத்தது செல்போன். விளக்கு எரியும்போது வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைக்காமல், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும் விளக்கும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி வீடியோ. எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரமாக ஓட்டுகிறேன் என்று வாயால் சொல்லிவிடுவேன். இன்னொன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் கருவி. ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. எல்லா வண்டியிலும் எல்லாக் கணக்கையும் அது காட்டிவிடாது. என் வண்டியில் கரி சேர்ந்திருக்கும் அளவைக் காட்டியது. விளக்கு எரிந்த நாளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நீட்டியபோது அட்வைசரின் பேச்சே மாறியது. என்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது மென்பொருள் வந்திருப்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. போட்டுக் கொடுத்தார்கள். விளக்கு வருவது குறைந்தது, நிற்கவில்லை. மிச்சத்துக்கு வாரம் ஒரு தடவை உடுமலையோ கோவையோ போய்வருகிறேன். ஷோரூமில் வண்ணம், லோன், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் விசாரித்தவர்கள், "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் டீசல் வண்டிகளில் பாதி விற்காது என்பது வேறு விஷயம்.

வடிகட்டி கரியை எரித்துக்கொண்டிருக்கிறது என்பதை விளக்கு இல்லாமலே கண்டுபிடிக்கலாம். நிற்கும்போது என்ஜினின் ஓட்டம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மைலேஜ் காட்டும் எண் திடீரென்று இறங்கும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும், காய்ந்த இரும்பு வாசம் வரும். அந்த நேரத்தில் வீடு வந்துவிட்டாலும் இன்னொரு சுற்றுப் போய்வருவது நல்லது. தோப்புக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எரிக்கும் நேரத்தில் வண்டியின் அடிவயிறு கொதித்துக்கொண்டிருக்கும். காய்ந்த ஓலை, பன்னாடை, மட்டைக் குவியல் மேல் நிறுத்தக்கூடாது. நான் பம்ப்செட் அறைக்குப் பக்கத்தில் மண் தரையை வழித்து, வண்டிக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது ஆயில். என் சித்தப்பா டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "சொட்டு ஆயில் குடிக்கலீங்க மாப்ள, என்ஜின் தங்கம்" என்று அங்கேயே நின்றிருந்த என் மச்சானிடம் பெருமையாகச் சொன்னார். அளவு மேல்கோட்டையும் தாண்டியிருந்தது. ஆயில் குறையாமல் இருப்பது சரி, கூடுவது எப்படி? எரிப்பு பாதியில் நின்று நின்று போகும்போது, கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கிறது. குச்சியை மோந்தால் டீசல் நெடி தெரியும். நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் பேரிங்கையும் காப்பாற்றாது. சர்வீஸ் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் மாற்ற வேண்டும். ஊற்றுவதும் டிபிஎஃப்புக்கென்று குறைந்த சாம்பல் தரத்தில் வருகிற ஆயிலாக இருக்க வேண்டும். மேனுவலில் அந்தத் தரம் போட்டிருக்கும். கரியை எரிக்கலாம், ஆயில் விட்டுப்போகிற சாம்பலை எரிக்க முடியாது.

ஊர் மெக்கானிக் அண்ணன் சொன்ன வைத்தியம் ரொம்பச் சுருக்கம்: "அந்தப் பொட்டியவே கழட்டி வீசிருங்க தம்பி, கம்ப்யூட்டர்லயும் மறைச்சுக் குடுக்கறதுக்கு ஆள் இருக்குது." ஆள் இருக்கிறார்கள் என்பது உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றத்தைத் தடுக்கிறது என்பதும் உண்மை. அதோடு வாரண்டியையும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்த கணக்குத்தான். இதே வகையில் இன்னொரு யோசனை. புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம், "தோட்டத்து யூரியாவையே தண்ணில கரைச்சு ஊத்திக்கலாம்ல?" என்று கேட்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அந்தக் கரைசலில் யூரியா 32.5 சதவீதம் என்பது சரிதான். மீதி, உப்பு நீக்கிய சுத்தமான தண்ணீர்; யூரியாவும் உர மூட்டை ரகம் இல்லை. கலந்து ஊற்றினால் ஊசித்துளை அடைபடும், பில் லட்சத்தைத் தொடும்.

இதுவரை சொன்னது வண்டிக்கும் என் பாதைக்கும் ஒத்துப்போகாத தகராறு. அசல் கோளாறு ஒன்றும் இருந்தது. குழிகள் நிறைந்த ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு, மேட்டில் பிடித்து நிறுத்தும் வசதி ஆகிய மூன்றின் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரியும். வண்டியை அணைத்துப் போட்டால் போய்விடும். முதல் தடவை அட்வைசர் ஜாப் கார்டில் எழுதியது "ஜெனரல் செக்கப்". இந்த வார்த்தையை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது. வண்டி மூன்று தடவை உள்ளே போயிருக்கலாம். தாளில் "ஜெனரல் செக்கப்" என்று இருந்தால், அந்தக் கோளாறு ஒரு தடவைகூடப் புகாரில் இல்லை என்றுதான் பின்னால் யாரும் படிப்பார்கள். என்ன வேகம், எந்தக் கியர், என்ஜின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, மழையா வெயிலா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை: இதை எல்லாம் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அட்வைசர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

நோயின் பெயரை நாமே சொல்லிவிடவும் கூடாது. "சென்சார் போயிருச்சு போலிருக்கு" என்றால் சென்சாரை மாற்றி, கார்டை மூடிவிடுவார்கள். கோளாறு அங்கேயே இருக்கும். நாம் சொல்ல வேண்டியது கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும்.

கடைசியில் ஒர்க்ஸ் மேனேஜரிடம் பேசி, டெக்னீஷியன் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய ரோடு ஒன்று இருந்தது. மீசை அரும்பிய பையன், மடியில் லேப்டாப். திரையில் நாலு சக்கரத்தின் வேகமும் தனித்தனியாக ஓடுகிறது: 18, 18, 18, 18. ஒரு குழியில் இறங்கி ஏறியதும் பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் ஒரு கணம் 0 காட்டிவிட்டு 18 க்கு வந்தது. "அண்ணா, நிறுத்துங்க" என்றான். மூன்று வசதியும் ஒரே சக்கரக் கணக்கை வைத்துத்தான் வேலை செய்கின்றன; ஒன்று தப்பினால் மூன்றும் சேர்ந்து கைவிரிக்கும். லிஃப்ட்டில் தூக்கிப் பார்த்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஒயரைப் பிடித்து வைக்கும் கிளிப் ஒன்று இல்லை. ஒயர் ஆடி ஆடி, கப்ளர் தளர்ந்துபோயிருந்தது. ஃபேக்டரியில் மாட்ட விட்டுப்போனதாகத்தான் இருக்க வேண்டும். சரிசெய்ய ஆன நேரம், நான் டீ குடித்து முடித்த நேரம். பில் தொகை பூஜ்யம். அந்தப் பூஜ்ய ரூபாய் பில்லையும் வாங்கி வைத்திருக்கிறேன். காசு இல்லாத வேலைக்குப் பில் எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். என்ன கோளாறு, எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில் சரிசெய்தார்கள் என்பதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

கூடுதல் விளக்கு, டேஷ்கேம், மியூசிக் சிஸ்டம் மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒயரை வெட்டி ஒட்டவிடாதீர்கள். கப்ளரில் கப்ளர் மாட்டுகிற கிட் கிடைக்கிறது. உடுமலை மச்சான் வண்டியில் பேட்டரி ராத்திரியோடு ராத்திரியாக இறங்கியபோது, கம்பெனிக்காரர்கள் முதலில் தேடியது டேப் சுற்றிய ஒயரைத்தான். கிடைத்தது. வாரண்டி இல்லை என்றார்கள்.

சட்டம் பக்கம் வந்தால், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் 'லெமன் சட்டம்' இருக்கிறது. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் வண்டியையே மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். சிங்கப்பூரிலும் 2012 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வண்டிக்கென்று தனியாக அப்படிச் சட்டம் இல்லை. இருப்பது 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முந்தைய படியாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண். ஆனால் வண்டியையே மாற்றித் தரச் சொல்லி ஜெயிப்பது லேசில்லை. 2006 இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டிக்கு அல்ல என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் பாரமும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். அங்கே பேசுவது ஜாப் கார்டு, மின்னஞ்சல், பூஜ்ய ரூபாய் பில். போனில் "பாத்துடலாம் சார்" என்று சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும். போனில் பேசியதை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து அனுப்பிவிடுவது என் வழக்கம்.

ரீகால் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் திரும்ப அழைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவிட அரசுக்கு வழி இருக்கிறது. நமக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு அவ்வப்போது பார்க்கலாம்.

இப்போது என் வண்டியில் மிச்சமிருப்பது ஒரு சத்தம். காலையில் முதல் தடவை ரிவர்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கை முழுக்க வலதுபக்கம் ஒடிக்கும்போது முன்னால் 'டொக்' என்று ஒன்று, அத்தோடு சரி. லிங்க் ராடு மாற்றிப் பார்த்தார்கள், புஷ் மாற்றிப் பார்த்தார்கள், சத்தம் அப்படியே இருக்கிறது. வாரண்டி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எப்போது சர்வீஸுக்கு விட்டாலும், கார்டில் முதல் வரியாக இந்த 'டொக்'கைத்தான் எழுத வைக்கிறேன். வாரண்டிக் காலத்தில் பதிவாகி, தீராமல் தொடர்கிற புகார் என்பதற்கு அந்தக் கார்டுகள் கையில் இருந்தால், தேதி முடிந்த பிறகும் உட்கார்ந்து பேச இடம் இருக்கும். இந்தத் தடவை அட்வைசர் நான் சொல்வதற்கு முன்பே, "ரிவர்ஸ்ல வலதுபக்கம் ஒடிச்சா சத்தம், அதானே சார்?" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். "காலையில, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுன்னு சேத்துக்குங்க" என்றேன்.