கோதுமை ஆகாத பிள்ளைக்கு ஜப்பான் நூடுல்ஸ்

சீலியாக் நோய் என்று மருத்துவர் உறுதி செய்த பிள்ளைக்கு மாத்திரை, டானிக் எல்லாம் துணைக்குத்தான். உண்மையான வைத்தியம் ஒன்றே: கோதுமையும் பார்லியும் வாழ்நாள் முழுக்க வாயில் படக் கூடாது. மைதா, ரவை, சேமியா, பிரெட், பரோட்டா எல்லாமே கோதுமைதான். இந்தத் தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. சாப்பிட்டது உடம்பில் சேராது. பிள்ளை வளராது, இரத்தசோகை வரும், வயிற்றுப்போக்கு நிற்காது. "ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்" என்று நன்னிமாவோ தாதிமாவோ பாசத்தில் ஊட்டுகிற அந்த ஒரு வாயும் கணக்கில் சேரும்.

நம் பக்கம் இந்த நோய் குறைவு. 2016-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில் வட மாநிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கும், தெற்கில் ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் இருப்பதாகத் தெரிந்தது. தெற்கே கோதுமை சாப்பிடுவதும் அப்போது மிகக் குறைவாக இருந்தது. இன்று இரவானால் சப்பாத்தி, கடைக்குப் போனால் பரோட்டா, பள்ளி விட்டு வந்தால் இரண்டு நிமிட நூடுல்ஸ். ஆகவே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று மட்டும் கவனம்: சந்தேகம் வந்ததும் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்திய பிறகு இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். முதலில் மருத்துவர், பிறகு பத்தியம்.

இனி நூடுல்ஸுக்கு வருவோம். கார்ட்டூனில் பெரிய கிண்ணத்தைக் கையில் ஏந்தி, குச்சியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்க்காத பிள்ளை இன்று இல்லை. "எனக்கும் அது வேணும் அத்தா" என்று கேட்கும்போது, "உனக்கு ஆகாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை ஒருநாள் நமக்குத் தெரியாமல் சாப்பிடும். பத்தியம் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். கேட்டதைப் பத்தியத்துக்குள்ளேயே செய்து கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஜப்பானில் ராமென், உடோன், சோமென் மூன்றுமே கோதுமை மாவு. 1958-இல் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸும் கோதுமையே. சோபா என்ற நூடுல்ஸ் மட்டும் வேறு. அதைப் பக்வீட் என்ற விதையில் செய்கிறார்கள். வடநாட்டில் விரத நாட்களில் சாப்பிடும் குட்டு மாவு இதுதான். ஆங்கிலப் பெயரில் கோதுமை இருந்தாலும் இது கோதுமை இனமே அல்ல. ஆனால் அதிலும் ஒரு வலை இருக்கிறது. வழக்கமான சோபாவில் எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை கலப்பார்கள். முழுக்க பக்வீட்டில் செய்ததற்கு ஜூவாரி என்று தனிப் பெயர். பாக்கெட்டில் சோபா என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்கக் கூடாது.

அடுத்தது சாறு. ஜப்பானிய சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் ஏறத்தாழ சரிபாதி. தமாரி என்ற வகையில் கோதுமை இல்லாமலோ மிகச் சிறிதளவோ இருக்கும். அதற்கும் லேபிள் பார்க்க வேண்டும். நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ராமென் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் கொதிப்பது. மிரின் என்ற இனிப்புத் திரவம் மதுவகையைச் சேர்ந்தது. நூற்றுக்குப் பதினான்கு அளவில் ஆல்கஹால் உண்டு. 'குளுட்டன் இல்லை' என்ற முத்திரை ஹலாலுக்குச் சாட்சி ஆகாது, ஹலால் முத்திரை குளுட்டனுக்குச் சாட்சி ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இத்தனை வலைகளையும் தாண்ட வெளிநாட்டுப் பாக்கெட் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊர்ச் சந்தகையே போதும்.

கோதுமை மாவு இழுபட்டு இழையாக நிற்பதற்கு குளுட்டன்தான் காரணம். அரிசியில் அந்தப் பசை இல்லை. பச்சை அரிசி மாவை இழுத்தால் உதிரும். நம் பாட்டிமார் கண்ட வழி, அரிசியை ஊறவைத்து, நைஸாக அரைத்து, முதலில் இட்லி போல் ஆவியில் வேகவைப்பது. வெந்ததும் அரிசியின் மாவுச்சத்து பசையாகிறது. சூடு ஆறுமுன் சந்தகைக் கட்டையில் வைத்துப் பிழிந்தால் அந்தப் பசையே இழையைப் பிடித்துக்கொள்ளும். இடியாப்பத்தைப் பிழிந்த பிறகு வேகவைக்கிறோம். சந்தகையை வேகவைத்த பிறகு பிழிகிறோம். அதனால்தான் சந்தகைக்கு வழவழப்பும் நீளமும் கூடுதல். நூடுல்ஸுக்கு இதைவிட நெருக்கமான பண்டம் நம் சமையலறையில் இல்லை.

சாறுக்கு ஜப்பானியர் முறையிலேயே ஒரு சுலபமான வகை இருக்கிறது. ஷியோ ராமென் என்பார்கள். ஷியோ என்றால் உப்பு. சோயா சாஸ் இல்லாமல் உப்பில் சுவை சேர்ப்பது. நால்வருக்குக் கால் கிலோ கோழி எலும்பை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியோடு சிறு தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கடல் வாசம் பிடித்தவர்கள் பத்து நெத்திலிக் கருவாடு சேர்க்கலாம். ஜப்பானிலும் காய்ந்த சிறுமீனில் சாறு எடுக்கும் வழக்கம் உண்டு. கசக்காமல் இருக்கத் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிடுவார்கள். நம் கருவாட்டில் உப்பு அதிகம், அலசி ஊறவைத்துப் போடுங்கள். உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேருங்கள். சூப் பவுடர், சூப் கட்டி வேண்டாம், அவற்றில் கோதுமை இருக்கக்கூடும்.

சந்தகையைச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைத்தால் கூழாகிவிடும். கிண்ணத்தில் சந்தகையை வைத்து, சாப்பிட உட்கார்ந்த பிறகு கொதிக்கும் சாற்றை ஊற்ற வேண்டும். மேலே பாதியாக வெட்டிய முட்டை (நாமக்கல்லை வைத்துக்கொண்டு முட்டைக்கு என்ன பஞ்சம்!), பிய்த்த கோழிக்கறி, வெங்காயத்தாள், வறுத்து நுணுக்கிய எள்.

கொதித்தாலும் கரையாத இழை வேண்டுமானால் மாவுச்சத்து நூடுல்ஸ் இருக்கிறது. ஜப்பானில் உருளை, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மாவில் கண்ணாடி போல் செய்கிறார்கள். ஹருசமே, அதாவது வசந்த மழை என்று பெயர். கிழங்கு மாவு நமக்குப் புதிதா? ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் மரவள்ளியிலிருந்து எடுப்பதும் அதே இனம்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி முழுக்க மரவள்ளி மாவு, குளுட்டன் கிடையாது. பெருநாள் காலையில் எல்லோருக்கும் சேமியா பாயசம் வைத்துவிட்டு இந்தப் பிள்ளைக்கு மட்டும் தனி டம்ளர் கொடுப்பதைவிட, அன்று வீடு முழுக்க ஜவ்வரிசிப் பாயசமாகவே காய்ச்சிவிடலாம்.

பாத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேமியா வடித்த சல்லடை, சப்பாத்தி போட்ட கல், மைதா சமோசா பொரித்த எண்ணெய் எதுவும் இந்தப் பிள்ளையின் சாப்பாட்டுக்கு ஆகாது. நோன்பு மாதத்தில் அந்த எண்ணெயில்தான் எல்லாம் பொரியும், அப்போது கூடுதல் கவனம் வேண்டும். சந்தகைக் கட்டையை அரிசிக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் வாங்கினால் இந்திய விதிப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாகக் குளுட்டன் உள்ள பொருளுக்கே 'குளுட்டன் இல்லாதது' என்று போட அனுமதி. ராகி சேமியா, கம்பு சேமியா என்ற பெயரை நம்ப வேண்டாம். கோதுமை மாவு கலந்த பாக்கெட்டுகள் அந்தப் பெயரிலும் வருகின்றன.

மீந்த சந்தகையை மறுநாள் காலையில் எலுமிச்சை பிழிந்து தாளிப்பவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுத் திறங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவுதான். அது அரிசி மாவாக இருந்தால் பயமில்லை, கோதுமை என்றோ மைதா என்றோ இருந்தால் பெருங்காயம் இல்லாமலே தாளியுங்கள்.