மகளிர் தொழில் முயற்சியும் கூட்டுறவும்

முன்னுரை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலத்து ஆய்மகள் ஒருத்தியை நமக்குக் காட்டுகிறது. அவள் வைகறையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்கிறாள். மோரை விற்றுப் பெற்ற உணவால் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை அவள் கொள்வதில்லை. எருமையும் நல்ல பசுவும் எருமைக் கன்றுமாகவே பெற்றுக்கொள்கிறாள். இலக்கியச் சுவைக்காக நாம் படிக்கும் இப்பகுதியில் பொருளியல் நுட்பம் ஒன்றும் அடங்கியுள்ளது. அன்றாட வருவாயை உணவுக்கும், மிகுதியைத் தொழிலின் முதலுக்கும் பகுத்தறிந்தவள் அவள். பால் தரும் மாடு அவளுடையது. எதனை விலையாகக் கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுடையது.

இவ்விரண்டும் இன்று உழைக்கும் மகளிர்க்கு உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இல்லையெனின், அவற்றைப் பெறக் கூட்டுறவு எவ்வாறு துணைசெய்யும் என்பதை மூன்று சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

உழைப்பு உண்டு, உடைமை இல்லை

நெல்லைச் சீமையில் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களை நாம் அறிவோம். பீடிக்கடையார் இலையும் தூளும் தருவர். சுற்றி முடித்த பீடியை எண்ணிக் கொடுத்தால் கூலி கிடைக்கும். தரமில்லை எனக் கழிக்கப்படுவதை எதிர்த்துத் தனியொருத்தி வாதாடுதல் எளிதன்று. கடை மாறினால் வேலை போகும் என்னும் அச்சம் அவள் நாவைக் கட்டிவிடும்.

பத்தமடைப் பாயின் புகழும் நாம் அறிந்ததே. கோரையை நீரில் ஊறவிட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் பட்டுப்போல் நெய்தெடுக்கும் கைகளுள் பெரும்பாலானவை முஸ்லிம் பெண்களின் கைகள். மணமக்கள் பெயர் பொறித்த பாயை நம் இல்லங்களில் போற்றி வைக்கிறோம். ஆயினும் கோரையையும் நூலையும் கடனாகத் தருபவரே விலையையும் கூறுவாராயின், நெய்தவளுக்கு எஞ்சுவது கூலி மட்டுமே.

இப்பெண்களுக்குத் திறமையில் குறைவில்லை. மூலப்பொருள், முதல், சந்தை ஆகிய மூன்றும் பிறர் கையில் இருப்பதே குறை. இம்மூன்றையும் தனியொருத்தி பெறுதல் அரிது. பலர் கூடினால் பெறலாம் என்பதே கூட்டுறவின் அடிப்படை.

கூட்டுறவின் இலக்கணம்

1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலான 28 தொழிலாளர்கள் சேர்ந்து சிறு கடையொன்றைத் திறந்தனர். உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது அவர்கள் வகுத்த நெறிகளுள் தலையாயது. இந்தியாவில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

கம்பெனியில் பங்கின் அளவே வாக்கின் அளவாகும். கூட்டுறவிலோ பத்து ரூபாய்ப் பங்குடையவளும் ஆயிரம் ரூபாய்ப் பங்குடையவளும் வாக்கால் நிகரானவர்கள். பொருளால் எளிய பெண்ணுக்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேறில்லை எனலாம்.

சான்று ஒன்று: கையொப்பத்தில் தொடங்கிய வங்கி

அகமதாபாத்தில் தலைச்சுமைத் தொழிலாளர், காய்கறி விற்போர், பழந்துணி வணிகம் செய்வோர் ஆகிய பெண்களைத் திரட்டி, இலா பட் அம்மையார் 1972இல் சேவா என்னும் தொழிற்சங்கத்தை நிறுவினார். இப்பெண்களை வங்கிகள் மதிக்கவில்லை. வட்டிக்கடைக்காரரிடம் வாங்கிய கடனிலேயே அவர்தம் நாள்வருவாய் கரைந்தது. எனவே தமக்கென ஒரு வங்கி வேண்டுமென்று அவர்களே கேட்டனர். ஏறத்தாழ 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்த, 1974இல் சேவா கூட்டுறவு வங்கி பதிவு பெற்றது.

கையெழுத்து அறியாதவர்கள் வங்கி நடத்துவது எங்ஙனம் என்ற தடை எழுந்தது. வங்கியை அமைக்க முன்வந்த பெண்கள் ஓர் இரவு முழுதும் கண்விழித்துத் தம் பெயரை எழுதப் பழகினர். எழுதத் தெரியாத வாடிக்கையாளர்க்குக் கணக்குப் புத்தகத்தில் நிழற்படம் ஒட்டப்பெற்றது. எழுத்தறிவின்மை ஒரு குறையே; ஆயினும் அதனைக் காட்டி உரிமையை மறுத்தல் ஆகாது என்பது இதனால் தெளிவாகிறது.

சான்று இரண்டு: எண்பது ரூபாய் முதல்

1959 மார்ச் 15ஆம் நாள் பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, தாம் குடியிருந்த கட்டடத்தின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னர் லிஜ்ஜத் என நாடறிந்தது. சட்டப்படி இது கூட்டுறவுச் சங்கமாக அன்றி, 1966இல் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாயிற்று. எனினும் இது நடக்கும் முறை கூட்டுறவே. உறுப்பினராகப் பெண்கள் மட்டுமே சேரலாம். சேர்ந்தவர் அனைவரும் உடைமையாளர். இலாபமும் நட்டமும் அனைவர்க்கும் பொது. பிசைந்த மாவைக் காலையில் பெற்றுச் சென்று, வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் ஒப்படைத்துக் கூலி பெறுவர்.

பீடி சுற்றுபவளும் பொருளை வாங்கிச் சென்று வீட்டிலிருந்தே உழைக்கிறாள்; அப்பளம் இடுபவளும் அவ்வாறே உழைக்கிறாள். வேலைமுறை ஒன்று, நிலையோ வேறு. மாவு தரும் நிறுவனம் அப்பளம் இடுபவளுக்கே உரியது. அவ்வேறுபாடே நம் ஆய்வின் மையமாகும்.

சான்று மூன்று: அண்டை வீட்டாரே பிணை

சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் 1978இல் உழைக்கும் மகளிர் அமைப்பை நிறுவினார். தொடக்கத்தில் வங்கிக் கடனைப் பெற்றுத் தந்த அவ்வமைப்பு, 1981இல் தனக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டது. ஒரே பகுதியில் வாழும் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பிணை நிற்பர். அடகு வைக்க நகையில்லாத பெண்ணுக்கு அண்டை வீட்டாரின் நம்பிக்கையே ஈடாயிற்று.

நம் மாநில நிலை

தமிழகத்தில் 1983இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிப் பின்னர் எங்கும் பரவின. அவை சேமிப்பையும் கடனையும் பெண்ணின் வாயிலுக்குக் கொணர்ந்தன. ஆயினும் கடன் மட்டும் தொழிலாகாது. ஒரு தெருவில் பத்துப் பேர் கடன் பெற்றுத் தனித்தனியே ஊறுகாய் செய்து ஒருவர்க்கொருவர் போட்டியாக விற்பின், இலாபம் அடைபவர் புட்டி விற்பவரே. மூலப்பொருளை ஒன்றாக வாங்கி, ஒரே பெயரில் விற்கும் கூட்டுறவாக அது வளர்தல் வேண்டும்.

பள்ளிச் சிறார்க்குச் சீருடை தைத்துத் தரும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் நம்மிடையே உள்ளன. அரசின் வேலை உறுதியாகக் கிடைப்பது அவற்றின் வலிமை. வாங்குபவர் ஒருவரே என்பது அவற்றின் மெலிவு. ஆண்டில் சில மாதங்கள் தையற்பொறி உறங்காதிருக்க வேண்டுமாயின், வெளிச்சந்தையையும் நாடவேண்டும்.

தடைகளும் தீர்வுகளும்

கூட்டுறவு என்று பெயரிட்ட அளவில் பயன் விளைந்துவிடாது. ஏட்டில் மனைவி பெயரும், நடைமுறையில் கணவன் ஆட்சியுமாக இருப்பின் அது கூட்டுறவன்று. தேர்தலின்றித் தனி அலுவலர் பொறுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் நடந்த சங்கங்களையும் நம் மாநிலம் கண்டதுண்டு. கணக்கு உறுப்பினர்க்குப் புரியாத இடத்தில் நம்பிக்கை நில்லாது.

வட்டியை எண்ணித் தயங்குவோரும் நம் சமுதாயத்தில் உளர். கூட்டுறவு என்றாலே கடன் சங்கம் என்று கருதுவதால் வரும் தயக்கம் இது. பங்கு சேர்த்து, பொருள் செய்து, விற்று, இலாபத்தைப் பகிரும் உற்பத்திக் கூட்டுறவுக்கு வட்டி அடிப்படையன்று. நம் ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் வழங்கி வருகின்றன. அக்கடன் தனியொருவர் கைக்குச் செல்வதோடு நில்லாமல், பெண்கள் கூடி நடத்தும் சங்கத்தின் மூலப்பொருள் நிதியாகவும் அமையுமானால் பயன் பன்மடங்காகும்.

பெரியோர் செய்யத்தக்கது மற்றொன்றும் உண்டு. பெண்கள் அச்சமின்றிக் கூடிப்பேச ஓர் இடமும், மாதத்தில் சில மணிநேரமும் அவர்களுக்கு வேண்டும். கூட்டத்திற்குச் செல்லும் பெண்ணை வீட்டார் தடுக்காதிருந்தாலே பாதி உதவி செய்தவராவர். வணிகப் பெருமக்கள் நன்கொடைக்கு மாறாகக் கொள்முதல் உறுதி அளிக்கலாம். ஈதல் ஒருநாள் பசி தீர்க்கும். வாங்குதல் தொழிலை நிலைநிறுத்தும். மாணவர்கள் வரவுசெலவுக் கணக்கை எளிய தமிழில் எழுதித் தரலாம். ஆசிரியர்கள் அதனைப் படிக்கவும் வினவவும் உறுப்பினரைப் பழக்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளில் பெண்கள் யாரிடமும் இரக்கம் வேண்டி நிற்கவில்லை. பத்து ரூபாய் பங்கு செலுத்தினர்; எண்பது ரூபாய் கடனில் தொழில் தொடங்கினர்; ஒருவர்க்கொருவர் பிணை நின்றனர். முதல் சிறிது, அதன்மீது அவர்க்கிருந்த உரிமையோ முழுமையானது. ஆகவே மகளிர்க்கென ஒரு திட்டம் வகுக்கப்படும்போது, எவ்வளவு கடன் தரப்பட்டது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. விலையைக் கூறுபவர் யார், கணக்கைப் பார்ப்பவர் யார், இலாபம் யாரைச் சேர்கிறது என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். மூன்றுக்கும் "உழைத்த பெண்களே" என்று விடை வரும் நாளில்தான் அத்திட்டம் வென்றது எனக் கொள்வோம்.