நோயாளியின் அருகிலிருப்போர்

புற்றுநோய் முற்றி, குணப்படுத்தும் சிகிச்சைக்கு இனி இடமில்லை என மருத்துவர் கூறியபின், நோயாளி பெரும்பாலும் வீட்டிற்கே திரும்புகிறார். அன்று முதல் மருந்து கொடுப்பவரும், புண்ணைக் கழுவுபவரும், இரவில் விழித்திருப்பவரும் பல வீடுகளில் ஒருவரே. அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். உலகச் சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் வகுத்த இலக்கணப்படி, நோய்த் தணிப்புப் பராமரிப்பு நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் உரியது. நடைமுறையில் இப்பிற்பகுதி எளிதில் மறக்கப்படுகிறது.

களப்பணியாளர் நோயாளியைக் கவனித்து முடித்தபின், பராமரிப்பவரைத் திண்ணைக்கோ கொல்லைப்புறத்திற்கோ அழைத்துச் சென்று தனியே பேசுதல் வேண்டும். நோயாளியின் செவிக்கு எட்டும் தொலைவில் எவரும் தம் களைப்பைச் சொல்லார். "நலமா?" என்று வினவினால் "நலம்" என்றே விடை வரும். "நேற்றிரவு எத்தனை முறை எழுந்தீர்கள், அம்மா? இன்று எப்பொழுது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிப்படும். இந்நிலையை அளக்க, 1980-இல் சாரிட் முதலியோர் வெளியிட்ட வினாத்தொகுப்பின் 22 வினாக்கள் கொண்ட வடிவம் பரவலாக வழங்குகிறது. அது 'சுமை' என்னும் கருத்தின்மீது கட்டப்பட்டது. அச்சொல்லை அவ்வாறே தமிழில் பெயர்த்து ஒரு மனைவியிடம் கேட்டால், அவர் மனம் புண்படுவார். அன்றேல், அப்படியொன்றும் இல்லையென மறுத்துவிடுவார். முதற்சந்திப்பில் எளிய வினாக்களே போதுமென்பது எம் கருத்து.

உறக்கமின்மையைச் சில வேளைகளில் மருந்து முறையாலேயே குறைக்கலாம். விரைந்து செயற்படும் மார்பின் மாத்திரை நான்கு மணிக்கொருமுறை தரப்படுவது. படுக்கும் வேளையில் மருத்துவர் அளவைக் கூட்டிக் குறித்துக் கொடுத்தால், நள்ளிரவு வேளையைத் தவிர்க்கலாம், இருவரும் உறங்குவர். இதனை மருத்துவரிடம் எடுத்துக்கூறுவது களப்பணியாளர் கடமை. அளவைத் தாமே மாற்றலாகாது. மார்பின் பழக்கமாகிவிடுமென அஞ்சி மாத்திரையை ஒளித்து வைக்கும் குடும்பங்களும் உள. வலிக்காக மருத்துவர் குறித்த அளவில் தருவது போதைப் பழக்கமன்று என்பதையும், மலச்சிக்கல் நேருமாதலால் மலமிளக்கியும் உடன் தரவேண்டுமென்பதையும் பொறுமையுடன் விளக்குதல் வேண்டும்.

உணவு பற்றிய குற்றவுணர்வு இதனினும் ஆழமானது. நம் வீடுகளில் அன்பு சோற்றின் வழியே செல்வது. இறுதி நாட்களில் நோயாளி கஞ்சியையும் ஒதுக்கும்பொழுது, தம் கைப்பக்குவமோ கவனமோ குறைந்ததென மனைவி எண்ணுகிறார். உறவினரும் அதையே குத்திக் காட்டுவர். உடல் உணவை ஏற்கும் ஆற்றலை இழந்துவருகிறது, பட்டினியால் அவர் இறக்கவில்லை என்பதை அவ்வுறவினர் முன்னிலையிலேயே கூறுதல் நலம். உதடுகளை ஈரத்துணியால் நனைத்தல் போன்ற ஒரு செயலை அவர் கைக்குக் கொடுத்தால், செய்வதற்கு ஏதுமில்லை என்னும் தவிப்பு தணியும்.

கேரளத்தில் இத்துறையில் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் சிலர் தொடங்கிய சங்கத்திலிருந்து, அண்டை வீட்டார் பயிற்சி பெற்று நோயாளியின் இல்லம் செல்லும் முறை வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையும் வகுத்தது. தொண்டர் ஒருவர் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் அமர்ந்தால், பராமரிப்பவர் குளிக்கலாம், கடைக்குச் செல்லலாம், சற்றே கண்ணயரலாம். சில வீடுகளில் மருந்தைக் காட்டிலும் அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுமே முதற்றேவையாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வகுப்பில் உறங்கும் மாணவி, காலையில் தாமதமாக வரும் மாணவன், திடீரென வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை ஆகியோரைத் தண்டிக்கும் முன், வீட்டில் நோயுற்றவர் உளரா என்று தனியே கேட்டறிக. பிள்ளைகளிடம் நோயின் பெயர்கூடப் பல வீடுகளில் மறைக்கப்படுகிறது. தம் குறும்பினால்தான் தாய்க்கு நோய் வந்ததென நம்பும் சிறுவரும் உண்டு. அவ்வாறில்லையென வெளிப்படையாகச் சொல்லுக.

நோயாளி மறைந்தபின் ஒருமுறையேனும் அவ்வீட்டிற்குச் செல்லவேண்டும். எஞ்சிய மார்பின் மாத்திரைகளை வழங்கிய மையத்திற்கே திரும்பச் சேர்ப்பிப்பது செல்வதற்கு ஒரு காரணம், "இன்னும் ஏதேனும் செய்திருக்கலாமோ?" என்று கேட்கக் காத்திருக்கும் ஒருவர் அங்கிருப்பது மற்றொன்று.