வராத பந்துகளின் கணக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்க ஃபுட்பாலில் எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரான டானவன் பீப்பிள்ஸ்-ஜோன்ஸ் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைப்போடுதான் எனக்குச் சண்டை. ‘ஏமாற்றிய ஐந்து நட்சத்திரம்’ என்று வைத்திருக்கிறாய். ஏமாற்றினான் என்றால் அவன் ஏதோ வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். பள்ளி முடித்த பையனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டது சில இணையத்தளங்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டது ரசிகர்கள். போட்ட கணக்கு பொய்த்தபோது பற்று மட்டும் அவன் பெயரில் எழுதப்பட்டது. விளையாட்டைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவள் நீ. எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்கவில்லை என்று ஓர் ஆட்டக்காரரைப் பற்றி எழுதுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒருவரை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உன் கட்டுரையில் உள்ள எண்கள். அவை சரியானவைதான். டெட்ராய்ட் நகரின் காஸ் டெக் பள்ளியிலிருந்து 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு வந்தார். முதல் ஆண்டில் 22 பந்துகள் பிடித்து 277 யார்டு. 2018இல் 47 பந்துகள், 612 யார்டு, 8 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து புள்ளி எடுப்பது). 2019இல் 34 பந்துகள், 438 யார்டு, 6 டச்டவுன். மூன்றாண்டுகளையும் கூட்டினால் 103 பந்துகள், 1,327 யார்டு. நாட்டின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவராக வந்தவருக்கு இது குறைவு என்று நீ சொன்னது உண்மை. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறாவது சுற்று வரை காத்திருந்து, 187ஆவது ஆளாக கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணிக்குப் போனதும் உண்மை. ஆனால் இந்த எண்களிலிருந்து ‘திறமை இருந்தும் வீணடித்தவர்’ என்ற முடிவுக்கு நீ ஒரே தாவில் போய்விட்டாய். நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

அமெரிக்க ஃபுட்பால் நம் வாசகருக்குக் கிரிக்கெட் அளவுக்குப் பழகியதில்லை என்பதால் அந்தப் பள்ளம் கண்ணில் படாமல் போகலாம். ரிசீவர் ஒரு பந்தைப் பிடிப்பதற்கு முன் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார். ஓடுவதா எறிவதா என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். எறிவது என்றானபின் முன்வரிசைக் காவலர்கள் ஐந்து பேர் எதிரணியினரை இரண்டரை, மூன்று விநாடியாவது தடுத்து நிறுத்த வேண்டும். அதற்குள் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் களத்தைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவருக்குக் கைக்கெட்டும்படி எறியவும் வேண்டும். இத்தனையும் நடந்த பிறகே ரிசீவரின் கைக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் அவர் குறித்த பாதையில் ஓடி, தன்னைக் காக்கும் எதிரியை உதறிவிட்டு, வராத பந்துக்காகத் திரும்பிப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த ஓட்டம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நாற்பத்தெட்டாவது ஓவரில் களமிறங்கும் மட்டையாளரைச் சதம் அடிக்கவில்லை என்று யாரும் ஏசுவதில்லை. ரிசீவரை மட்டும் ஏசுகிறோம், அவருக்கு எத்தனை ‘ஓவர்’ கிடைத்தது என்று கேட்காமலே.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் 2018, 2019 ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இதைவிடத் தெளிவான சோதனையை யாராவது வேண்டுமென்றே அமைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. 2018இல் ஜஸ்டின் ஜெஃபர்சன் 54 பந்துகள், 875 யார்டு. ஜமார் சேஸ் 23 பந்துகள், 313 யார்டு. இவர்களோடு ஐந்து நட்சத்திரத்துடன் வந்த டெரஸ் மார்ஷல் 12 பந்துகள், 192 யார்டு. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு 16 டச்டவுன். அந்த ஆண்டோடு கதை முடிந்திருந்தால், மார்ஷலின் பெயரைப் போட்டு உன் கட்டுரையை அப்படியே அச்சடித்திருக்கலாம். 2019இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். களத்தை அகல விரித்து, நிறைய எறியும் ஆட்டமுறைக்கு அணி மாறியது. அதே பர்ரோ 60 டச்டவுன் எறிந்தார். ஜெஃபர்சன் 111 பந்துகள், 1,540 யார்டு. சேஸ் 84 பந்துகள், 1,780 யார்டு, 20 டச்டவுன். நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் அவருக்கே. மார்ஷலும் 13 டச்டவுன் பிடித்தார்.

அவர்கள் ஒரு வயது கூடி முதிர்ந்தார்கள், ஆட்டங்களும் 13இலிருந்து 15 ஆயின என்று நீ சொல்லலாம். ஆட்டங்கள் கூடியது இந்த வித்தியாசத்தில் சிறு பங்கைத்தான் விளக்கும். முதிர்ச்சி ஆளுக்கு ஆள் வேறு வேறு காலத்தில் வருவது. மூன்று ரிசீவரும் ஒரு குவார்ட்டர்பேக்கும் ஒரே கோடையில் சேர்ந்து முதிர்ந்தார்கள் என்பதைவிட, அவர்களைச் சுற்றியிருந்தது மாறியது என்பதே நம்பும்படி இருக்கிறது.

இப்போது மிச்சிகனுக்கு வா. பீப்பிள்ஸ்-ஜோன்ஸின் முதல் ஆண்டில் அந்த அணியில் வில்டன் ஸ்பெய்ட், ஜான் ஓகார்ன், பிராண்டன் பீட்டர்ஸ் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள். இரண்டாம் ஆண்டில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஷே பேட்டர்சன் வந்தார். மூன்றாம் ஆண்டில் தாக்குதல் பயிற்சியாளரே மாறினார். 2019இல் பர்ரோ எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 76 இலக்கைச் சேர்ந்தன. பேட்டர்சனுக்கு அது 56. அந்தப் பருவத்தின் தொடக்க ஆட்டங்களைப் பீப்பிள்ஸ்-ஜோன்ஸ் காயத்தால் தவறவிட்டதையும் நீ ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இன்னொன்று, அதே அணியில் நிக்கோ காலின்ஸ் இருந்தார். அவரும் 2019இல் 37 பந்துகளைத் தாண்டவில்லை. பின்னாளில் ஹியூஸ்டன் அணியில், சி. ஜே. ஸ்ட்ரௌட் என்ற நல்ல எறிகை உள்ளவரோடு சேர்ந்து, 2023இல் 1,297 யார்டு குவித்தார். மிச்சிகனில் இருந்தபோது அவர் சோம்பேறியாக இருந்து ஹியூஸ்டனில் திருந்திவிட்டாரா என்ன?

இங்கே நீ என்னை மடக்கலாம். அதே 2019இல், அதே குவார்ட்டர்பேக்கிடமிருந்து, ரானி பெல் 48 பந்துகளும் 758 யார்டும் எடுத்தார். கூடைப்பந்து ஆடப் போவதாக இருந்தவர் அவர். நட்சத்திரக் கணக்கில் எங்கோ கீழே கிடந்தவர். சூழல்தான் காரணம் என்றால் பெல்லுக்கு மட்டும் எப்படி வாய்த்தது? நியாயமான கேள்வி. என் பதில் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதி: 48, 37, 34 என்ற மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒரே தரத்து மூவருக்குள் ஒரு சிறிய குவியல் பங்கிடப்பட்டதுதான் தெரிகிறது. அவர்களில் யாரும் ஜெஃபர்சனின் பாதியைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் பகுதியை நான் விட்டுக்கொடுக்கிறேன்: பங்கிடும்போது பெல்லிடம் அதிகம் போனதற்குக் காரணம் அவர் எதிரியை உதறி வெளியே வந்து நின்றதாகவும் இருக்கலாம். அது ரிசீவரின் சொந்தக் கைச்சரக்கு. பீப்பிள்ஸ்-ஜோன்ஸிடம் அது குறைவாக இருந்ததா என்று எழுத வேண்டுமானால் ஆட்டப்பதிவுகளைப் பார்த்து, பந்து வராத ஓட்டங்களையும் எண்ண வேண்டும். உன் கட்டுரையில் அந்த உழைப்பு இல்லை. மொத்தத்தை மட்டும் கூட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறாய்.

நட்சத்திரக் கணக்கையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். 247ஸ்போர்ட்ஸ் தளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறது. தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் என்பதால் அந்த எண். ஆக, அந்த நட்சத்திரம் கல்லூரியில் எத்தனை பந்து பிடிப்பான் என்று சொல்லவே இல்லை. உடம்பையும் வேகத்தையும் வைத்து ஒருநாள் முதல் சுற்றில் போகக்கூடியவன் என்று ஊகிக்கிறது. முதல் சுற்றில் மூன்று நட்சத்திரக்காரர் ஒருவர் நுழையும்போதெல்லாம் ஐந்து நட்சத்திரக்காரர் ஒருவருக்கு இடம் போகிறது. 2020 முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஆறு ரிசீவர்களில் ஜெஃபர்சன் மூன்று நட்சத்திரம். பிராண்டன் ஐயுக் கலிஃபோர்னியாவின் சியரா என்ற ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கியவர். பலர் ‘ஏமாற்றியே’ தீர வேண்டும் என்பது இந்தக் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. உடம்பைப் பற்றிய ஊகம் பீப்பிள்ஸ்-ஜோன்ஸ் விஷயத்தில் தவறவும் இல்லை: 2020 தேர்வு முகாமில் நின்ற இடத்திலிருந்து 44.5 அங்குலம் எம்பினார், அவ்வாண்டு வந்த எவரையும்விட அதிகம். முதல் பருவத்திலேயே ஏர் ஃபோர்ஸ் அணிக்கு எதிராக, எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து 79 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். குவார்ட்டர்பேக்கின் கையை எதிர்பார்க்காத வேலை அது. உன் கட்டுரையில் அதற்கு இடமே இல்லை.

உண்மையான மேதைக்கு இதெல்லாம் தடையாகுமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் ஆள் கால்வின் ஜான்சன். ஜார்ஜியா டெக்கில், குறி தவறும் எறிகைகளுக்கு நடுவே, 2006இல் 76 பந்துகள், 1,202 யார்டு, 15 டச்டவுன். பதினாறு ஆட்டங்களிலும் தோற்ற 2008 டெட்ராய்ட் லயன்ஸ் அணியிலும் 1,331 யார்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் தலைமுறைக்கு ஒருவராக வருபவரை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லாரும் குட்டைதான். அந்த அளவுகோலால் நமக்கு எந்தச் செய்தியும் கிடைக்காது. அதே ஜார்ஜியா டெக்கில் பின்னால் வந்த டிமேரியஸ் தாமஸைப் பார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பிய அணி அது. 2009இல் அவருக்கு வந்து சேர்ந்தவை 46 பந்துகள்தாம், ஆனால் 1,154 யார்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் டென்வர் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்திருக்காது. பந்து ஏன் குறைவாக வந்தது என்று கேட்டிருக்கிறார்கள், வந்ததை என்ன செய்தார் என்றும் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் சூழல்மேல் போட்டு ஆட்டக்காரரைத் தப்பவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. கைக்கு வந்ததை நழுவவிட்டால் அது அவர் பிழைதான். பாதையைப் பாதியில் விட்டாலும், துணை ஆட்டக்காரருக்காகத் தடுக்காமல் நின்றாலும் அப்படியே. அவற்றைப் பெயர் சொல்லி எழுது. பதினெட்டு வயதுப் பையன்தானே என்ற இரக்கம்கூட இப்போது முன்போலச் செல்லாது: 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், ஒரு பருவம் உட்கார்ந்திருக்காமல் அணி மாறலாம். பீப்பிள்ஸ்-ஜோன்ஸின் காலத்தில் முதலாவதற்கு அனுமதியே இல்லை, இரண்டாவதும் எளிதாக இல்லை. இன்றைய ரிசீவர், பொருந்தாத அணியிலேயே மூன்றாண்டு இருந்தார் என்றால் ஏன் இருந்தார் என்று நீ கேட்கலாம்.

உன் கட்டுரை 2020 டிராஃப்டோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் உள்ளதையும் சேர்த்துக்கொள். 2022இல் பிரவுன்ஸ் அணிக்கு அவர் 61 பந்துகள், 839 யார்டு. மிச்சிகனின் எந்த ஆண்டையும்விடக் கூடுதல். இது என் பக்கத்துச் சான்று. அடுத்த ஆண்டு உன் பக்கத்துக்குப் போய்விடுகிறது. 2023 அக்டோபர் முடிவதற்குள் அவர் பிடித்தவை வெறும் எட்டு. மாதத்தின் கடைசி நாளில் சொந்த ஊர் அணியான லயன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் பிரவுன்ஸுக்கு ஐந்து குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறித் தொடங்கினார்கள் என்பதைச் சாக்காகச் சொல்லலாம்தான். ஆனால் அதே குழப்பத்தில் அமாரி கூப்பர் 1,250 யார்டு எடுத்தார். பெல்லோடு ஒப்பிட்டபோது சொன்ன பதில் இங்கே உதவாது. இங்கே இருவருக்கும் இடையில் இருப்பது சில பந்துகளின் வித்தியாசமல்ல. உன் கோபத்தை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கல்லூரி ஆண்டுகளிலிருந்து எடுத்து அந்த எட்டுப் பந்துகளின் மேல் வை. தலைப்பை மாற்றி, திருத்திய படியை அனுப்பு.

அன்புடன்,
உன் சித்தப்பா