யூரியா வைக்கோலும் மாட்டின் ஈரலும்

பெரும்போக அறுவடை முடிந்ததும் வன்னிக் கமக்காரரின் மாடுகளுக்கு வைக்கோலே பிரதான உணவாகின்றது. அதிற் புரதம் மிகக் குறைவு. எனவே 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் இரண்டு வாரம் மூடிவைத்துப் பதப்படுத்தல் நன்று.

மாட்டின் முதலிரைப்பையில் யூரியா அமோனியாவாக மாறும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதத்தை ஆக்கும். எஞ்சிய அமோனியா நஞ்சாகும். ஈரலிலுள்ள ஐந்து நொதியங்கள் அதனை மீண்டும் யூரியாவாக்க, அது சிறுநீரோடு வெளியேறும். இவ்வட்டத்தைக் கிரெப்சும் ஹென்செலைற்றும் 1932இல் கண்டறிந்தனர். உணவிற் புரதம் கூடினால் ஐந்து நொதியங்களும் கூடுகின்றன என்று 1962இல் எலிகளிற் செய்த சோதனை காட்டிற்று; ஆயின் அதற்குச் சில நாள்கள் செல்லும். மாட்டின் இரைப்பையும் ஈரலும் அவ்வாறே. புதிய உணவுக்கு ஒரே நாளிற் பழகா.

ஆகவே முதலிற் சிறிதளவு கொடுத்து, இரண்டு மூன்று வாரங்களிற் படிப்படியாகக் கூட்டுங்கள். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடாதீர்கள். யூரியாச் சாக்கையும் கரைத்த வாளியையும் மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் நுரை, வயிற்றுப்பொருமல், நடுக்கம் காணப்படின் தாமதியாது மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.