பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலியா? அசட்டையாக இருக்காதீர்கள்!



குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லார் கண்ணும் தொட்டில் பக்கம் போய்விடும். பெற்றவள் "தலை வலிக்குது" என்றால், "ராத்தூக்கம் இல்லே, அதான். தைலம் தேய்ச்சுக்கோ" என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் சிலருக்குத் தலைக்குள் அழுத்தம் ஏறுவதாலும் வலி வரும். அது உயிருக்கும் பார்வைக்கும் ஆபத்து.

அழுத்தம் ஏன் ஏறுகிறது?

மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அதற்குள் மூளையும், இரத்தமும், சுமார் 150 மில்லி நீரும் இருக்கின்றன. மூளைக்குப் போன இரத்தம் சிரைகள் வழியாகத் திரும்பி வடிய வேண்டும். வடிகால் அடைத்தால் வயலில் தண்ணீர் தேங்குகிறதல்லவா? அதுபோல, சிரையில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி மூளை நசுங்கும்.

பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்பதற்காக, இரத்தம் சீக்கிரம் உறையும்படி இயற்கையே செய்து வைத்திருக்கிறது. குழந்தை பிறந்து 6 வாரம் வரை இது முழுதாக அடங்காது. அப்போது உடம்பில் நீர் வற்றினாலோ, இரத்தசோகையோ தொற்றுநோயோ இருந்தாலோ அடைப்பு ஏற்பட வாய்ப்பு அதிகம்.

தண்ணீரைத் தடுக்கலாமா?

"பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையல்ல. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அதிகம். டாக்டர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, தாகம் தீரத் தண்ணீர், கஞ்சி, மோர் கொடுங்கள். எழுந்து நடமாட விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்:

1. நாளுக்கு நாள் கூடும் தலைவலி. படுத்தாலும், இருமினாலும், முக்கினாலும் அதிகமாகும்
2. ஓயாத வாந்தி
3. பார்வை மங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல்
4. ஒரு பக்கத்துக் கை கால் மரத்தல், பேச்சுக் குழறல்
5. வலிப்பு, நினைவு தடுமாறுதல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது. "ஜன்னி கண்டுடுச்சு, காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை.

இரத்தக் கொதிப்பாலும் இதே அறிகுறிகள் வரலாம். எது என்று ஆஸ்பத்திரியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்கேன் எடுத்து, உறைகட்டி வளராமல் தடுக்க ஊசி போடுவார்கள்; அழுத்தம் குறைய மருந்து கொடுப்பார்கள். காலத்தோடு போனால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட:

இந்த நோய் வந்தவர்கள் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது. அது இரத்தம் உறைவதைக் கூட்டும். காப்பர்-டி, நிரோத் போன்றவை உண்டு. இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் கேளுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: தொட்டிலைப் பார்க்கிறபோது பக்கத்துப் பாயையும் பாருங்கள். "தலைவலி எப்படி இருக்கு? தண்ணி குடிச்சியா?" என்று தினமும் கேளுங்கள்.

தாய்க்குத் தண்ணீர் தடுக்க வேண்டாம்! தலைவலியைத் தள்ளிப் போட வேண்டாம்!